ஜீப்பும் துருவும்

(வானொலியில் விவசாயிகளுக்காக ஒலிபரப்பான பேச்சு)

வழக்கமாக இந்த நேரத்திலே விதை, உரம், பூச்சி என்று பேசுவோம். இன்றைக்கு ஓர் இரும்புச் சங்கதி. பழைய ஜீப் வண்டிகளைப் பற்றியும், அவற்றை அடியிலிருந்து அரித்துத் தின்கிற துருவைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலை ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மலையடிவாரக் கிராமங்களில் வாழைத்தார் ஏற்றவும், உர மூட்டை கொண்டுவரவும், பிரசவ வலி கண்டவளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இன்னும் அந்த வண்டிதான். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கீழே குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

துரு எங்கே பிடிக்கிறது, ஏன் அங்கேயே பிடிக்கிறது என்று புரிய வேண்டுமானால் இந்த வண்டி பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1940-ஆம் வருஷம். ஐரோப்பாவிலே யுத்தம். அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை, ஆனால் ராணுவம் தயாராகிக்கொண்டிருந்தது. சேறு, மணல், மேடு எதுவானாலும் நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று அந்த வருஷம் ஜூலையில் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். முதல் மாதிரி வண்டியைக் கொண்டுவர கெடு எவ்வளவு தெரியுமா? 49 நாள். பென்சில்வேனியா மாநிலத்திலே பட்லர் என்ற ஊரில் பேண்டம் என்று ஒரு சின்னக் கம்பெனி. தொழில் நொடித்துக் கிடந்தது. அவர்கள் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடச் சொல்லி, செப்டம்பர் மாதமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தன. பேண்டத்தின் உழைப்பு பெரிய கம்பெனிகளுக்குப் பலித்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின.

ஆறு லட்சம் வண்டி, நாலு வருஷத்தில்! அவ்வளவு வேகமாகச் செய்யும்போது எதை யோசிப்பார்கள்? சண்டை முடிகிற வரைக்கும் ஓட வேண்டும் என்று யோசிப்பார்கள். எண்பது வருஷம் கழித்தும் ஒருவர் இந்த வண்டியை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அந்த யுத்த ஜீப்பின் தளத் தகரத்துக்கு அடியிலே, தாங்குவதற்காகத் தகரத்தைத் தொப்பி மாதிரி மடித்து நீளமான விட்டம் வைத்திருந்தார்கள். அந்த விட்டத்துக்கு உள்ளே பலத்துக்காக மரச் சட்டத்தைச் செருகியிருந்தார்கள். இரும்புக் கூட்டுக்குள் மரம்! நம்ம வீட்டிலே ஈரக் கோணிச் சாக்கை அரிவாள் மேலே போட்டு வைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டது. மேலே மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம். தளம் உள்ளேயிருந்து அரித்தது. இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தக் காலத்து ஜீப்பைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் வெட்டி எடுப்பது அந்த விட்டத்தைத்தான்.

யுத்தம் முடிகிற சமயத்தில், 1945-லேயே, வில்லிஸ் கம்பெனி சாதாரண ஜனங்களுக்கு என்று சி.ஜே. 2ஏ என்ற மாடலைக் கொண்டுவந்தது. குறி வைத்தது முக்கியமாக விவசாயியைத்தான். பின்னால் கலப்பை பூட்டலாம், இயந்திரத்தின் சுழல் சக்தியை எடுத்து மரம் அறுக்கலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். உழவுக்கு டிராக்டருக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜீப் நம்ம தொழிலுக்கு அந்நியன் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

1947-லே பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது அல்லவா? அதோடு கிராமத்துக்கு வந்தது பிளாக் ஜீப். தூரத்தில் புழுதி கிளம்பினாலே பி.டி.ஓ. வருகிறார் என்று ஊர் கூடிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஜீப்புகள் வருஷக் கணக்கில் ஓடிவிட்டு, கண்டம் ஆகி, ஏலத்துக்கு வந்து, மிராசுதார் வீட்டுக்கும் தோட்டக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளுக்குப் பதிவு ரத்து. உடைக்கத்தான் போக வேண்டும். ஆகவே இனிமேல் பழைய ஜீப் என்பது கைமாறிக் கைமாறி வருகிற வண்டிதான். எத்தனை கை மாறியதோ, அத்தனை பெயிண்ட் அதன் மேல் இருக்கும். அதனால்தான் துருவைப் பற்றித் தெரிந்திருப்பது இப்போது இன்னும் அவசியம்.

இங்கிலாந்திலே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ரோவர் கம்பெனியில் பெரிய பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். ஆங்கிள்சி என்ற தீவிலே அவருக்கு ஒரு பண்ணை. அந்தப் பண்ணைக்கு அவர் வைத்திருந்தது யுத்தத்தில் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப். அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். அப்போது இங்கிலாந்தில் இரும்புத் தகரத்துக்குக் கடுமையான பங்கீடு. ரேஷன் போட்டுக் கொடுத்தார்கள். அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டிலே செய்தார்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காதே, பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. அடியில் இருக்கிற சேஸிஸ் இரும்பு. நான்கு பக்கமும் தகடு வைத்து வெல்டு பண்ணிய பெட்டி மாதிரிச் சட்டம். உள்ளே புகுந்த சேறு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து அரித்தது. போதாக்குறைக்கு, அலுமினியமும் இரும்பும் ஒட்டுகிற இடத்திலே ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். இரண்டு வேறு உலோகமும் நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன பாட்டரி. கடைசியில் உடம்பு அப்படியே இருக்க எலும்பு உளுத்துப்போன லேண்ட் ரோவர்கள் நிறைய. இன்றைக்கு அங்கே துத்தநாகத்தில் முக்கி எடுத்த புது சேஸிஸை வாங்கி, பழைய உடம்பை அதன் மேல் உட்கார வைக்கிறார்கள்.

துத்தநாகத்தில் முக்குவது புதிதல்ல. 1837-லேயே ஸ்தானிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு உரிமை வாங்கிவிட்டார். நம்ம வீட்டு வெள்ளை இரும்பு வாளி அந்த முறைதான். துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். வாளியில் கீறல் விழுந்தாலும் சுற்றிலும் உள்ள துத்தநாகம்தான் முதலில் கரையும்.

சரி, அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டு இடத்திலும் ஏன் மூடிய இடத்திலேயே துரு விழுந்தது? காற்று நன்றாகப் படுகிற இடத்தில்தானே துரு பிடிக்க வேண்டும்? இதே கேள்வியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே யூலிக் ஈவன்ஸ் என்ற விஞ்ஞானி எடுத்துக்கொண்டார். 1920-களில் அவர் செய்த பரிசோதனையை நீங்களே செய்யலாம். ஒரு இரும்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, அதன் மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டுக் கவனியுங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று நன்றாகக் கலக்கும். நடுவில் காற்று குறைவு. எங்கே இரும்பு கரைகிறது? நடுவிலே! ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் வளையமாகத் துரு படியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் பள்ளம் விழுந்திருப்பது நடுவில்தான். அதாவது துரு தெரிகிற இடம் ஒன்று, இரும்பு போகிற இடம் இன்னொன்று.

இந்தச் சொட்டுதான் ஜீப்பின் முழுக் கதை. சேஸிஸ் மேலே ஒட்டியிருக்கிற ஈரச் சேற்றுக் கட்டிதான் அந்தச் சொட்டு. கட்டிக்கு அடியில் காற்று இல்லை, அங்கே இரும்பு கரைகிறது. மட்கார்டுக்கு உள்பக்கம், தளத்து விட்டத்தின் முனை, பழைய மாடல்களில் டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்கி உட்கார்ந்திருக்கிற குழி, ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு மாட்டியிருக்கிற இடம், எங்கெல்லாம் மண் தங்குமோ அங்கெல்லாம் இதே கதை. வண்டிக்கு வயதாகிவிட்டது, அதனால் துரு என்று சொல்வது சரியில்லை. மண்ணைத் தட்டாமல் பத்து வருஷம் நிறுத்திய வண்டியை விட, ஐம்பது வருஷம் ஓடி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடியைக் கழுவிய வண்டி நன்றாக இருக்கும்.

உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. குளிர் நாடுகளிலே ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே வண்டி அழிவது அதனால். நமக்குக் கடலோரக் காற்று உண்டு. அதை விடப் பக்கத்தில் இன்னொரு உப்பு இருக்கிறது, யாரும் நினைப்பதில்லை. உரம்தான். பொட்டாஷ் உரம் என்று வாங்குகிறோமே, அது குளோரைடு உப்பு. அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. மூட்டை கிழிந்து தளத்தில் சிந்தியது பனியில் நனைந்து, விரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் ஒரு மழைக்காலம் போதும். குப்பை எரு ஏற்றினாலும் அதே நிலைதான். ஏற்றின அன்றே கழுவிவிட வேண்டும்.

துருவை ஆராய நம் மாநிலத்திலேயே பெரிய நிலையம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காரைக்குடியிலே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்டது. கடல் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு கிளை. மண்டபத்துக்குப் பக்கத்திலேயே பாம்பன் பாலம். 1914-ல் திறந்த அந்தப் பாலத்திலே துருவோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால் ஒரு மில்லிமீட்டர் கனம் உள்ள தகரம் எம்மாத்திரம்?

இனி வண்டிக்கு வருவோம். பழைய ஜீப் வாங்கப் போகிறவர் கையில் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கொண்டுபோக வேண்டும். சேஸிஸை ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உளுத்த இரும்பு 'பொத்' என்று சொல்லும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் அது ஒரு எச்சரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தார் நல்ல இரும்பின் மேல் போட்டால் காப்பு. துருவின் மேல் போட்டால் மூடாக்கு. காய்ந்து வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. மறுபடியும் அந்தச் சொட்டுக் கதைதான்.

உடம்புத் தகரத்தில் ஓட்டை என்றால் பயப்பட வேண்டாம். டிங்கர் வேலையில் சரியாகிவிடும். சேஸிஸில் ஸ்பிரிங் மாட்டுகிற இடம், ஸ்டியரிங் பெட்டி பூட்டுகிற இடம் இந்த இரண்டும் உளுத்திருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலை வளைவில் திரும்பும்போது விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான்.

வீட்டில் இருக்கிற வண்டிக்கு என்ன செய்யலாம்? முதலில் அடியை நன்றாக வாட்டர் சர்வீஸ் செய்து, வெயிலில் இரண்டு நாள் காய விடுங்கள். அடர்ந்த துருவைத் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் லேசாக நனைத்துக்கொண்டு தேய்ப்பது, மூக்கில் துணி கட்டுவது, குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல் இருப்பது நல்லது. குளியலறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் துருவை எடுக்கிற வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அதுவும் குளோரைடுதான். மடிப்புக்குள் தங்கினால் ஆறு மாதத்தில் முன்னை விட மோசமாகும்.

கழற்றக்கூடிய சின்னப் பாகங்களுக்கு ஒரு சுலபமான வழி. ஆஸ்திரேலியாவிலே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மாட்டுத் தீவனத்துக்கு விற்கிற மொலாசஸ் பாகை வாங்கி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் பீப்பாயில் பாகங்களை ஊறப்போடுகிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் துரு கழன்று வந்துவிடும், இரும்பு நிற்கும். நாற்றம் தாங்காது, வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். அலுமினியப் பாகத்தைப் போடக்கூடாது, அரித்துவிடும். எடுத்தவுடன் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த இரும்பு ராத்திரிப் பனிக்கே மறுபடி சிவந்துவிடும்.

தேய்த்தும் போகாத மெல்லிய துருவுக்கு, துருவை மாற்றுகிற மருந்து என்று கடைகளில் விற்கிறது. ஒரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். இன்னொரு வகையில் இருப்பது டானின். இது நமக்குத் தெரிந்த பண்டம்தான். கடுக்காய் மையில் இரும்பு பட்டால் கறுக்கும் இல்லையா? கடுக்காயில் உள்ள துவர்ப்புத்தான் டானின். அது துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாக இறுகும். மண்வெட்டி, கடப்பாரைக்குக் கடுக்காய்க் கஷாயம் தடவிப் பார்க்கலாம். வண்டிக்குக் கடை மருந்தே மேல், அளவு சரியாக இருக்கும். எதுவானாலும் செதிள் செதிளாக இருக்கிற துருவின் மேல் அடித்தால் வீண்செலவு.

அப்புறம் பிரைமர் இரண்டு பூச்சு, அதற்கு மேல் பெயிண்ட் இரண்டு பூச்சு. முனைகளிலும் வெல்டு விழுந்த கோட்டிலும் பிரஷ்ஷால் தனியாக ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், பெயிண்ட் அங்கேதான் மெலிந்து நிற்கும். உளுத்த தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டிப் பட்டி போட்டு மறைக்க விடாதீர்கள். இரண்டு தகரத்துக்கு நடுவில் தண்ணீர் நிற்கும். உளுத்ததை வெட்டி எறிந்துவிட்டுத்தான் புதிதை வைக்க வேண்டும். பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் வெல்டிங் என்றால் டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்த பிறகுதான். காலி டாங்கி நிறைந்த டாங்கியை விட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும்.

தளத்திலும் சேஸிஸிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். மழைக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள். பெட்டிச் சட்டத்துக்கு உள்ளே மெழுகு கலந்த துரு தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சினால் போதும். பழைய கழிவு ஆயிலை அடிக்கிறார்களே, அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், சொட்டுகிற இடத்தில் மண்ணையும் கெடுக்கும், தோலுக்கும் ஆகாது.

ஒரு விஷயம் பாக்கி. பிரேக் குழாய். சேஸிஸை ஒட்டிப் போகிற மெல்லிய இரும்புக் குழாய் அது. கிளிப் பிடிக்கிற இடத்தில் மண் அடைந்து, வெளியே தெரியாமல் துரு தின்றிருக்கும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரட்டைச் சுற்று வைப்பது அமெரிக்காவிலேயே 1960-களின் கடைசியில்தான் கட்டாயமாயிற்று. பிரேக் ஆயிலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளேயிருந்து சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றி, குழாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிற வேலை வேண்டாம். குழாயை மாற்றிவிட்டு, அன்றைக்கு மலை ஏறுங்கள்.